மூன்றாம் கழுவல்

ஜுபைலில் ஜூலை. நிழலில் நாற்பத்தேழு.
நுரைக் கிடங்கின் தகரக் கதவைத் தொடவே
கையுறை வேண்டும்.
சனிக்கிழமை முதல் தொட்டியைத் திறந்துவிட்டோம்.
தேன் நிறம். தேனைப் போலவே
அவசரமில்லாமல் இறங்கியது.
குல் நவாஸின் லாரிக்கு நான்கு நடை.

தலைமை அலுவலகக் கடிதத்தில் ஒரே வரி:
எட்டுக் கரிச் சங்கிலி எதுவும் மிச்சமிருக்கக் கூடாது.
ஸ்டாக்ஹோம் பட்டியலில் ஏறிய பெயர்
எங்கள் குழாய் முனைக்கு வந்து சேரப்
பதினைந்து வருடம்.

அந்த எட்டைப் பற்றிச் சொல்கிறேன்.
எட்டுக் கரியணு வரிசையில் நிற்கும்.
பதினேழு ஃப்ளூரின் அவற்றை மூடி நிற்கும்,
ஊசி நுழைய இடுக்கில்லாமல்.
ஒரு முனையில் மட்டும் கந்தகத் தலை;
அது தண்ணீரைத் தேடும்.
வாலுக்குத் தண்ணீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது,
இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும்
போகாத பங்காளி மாதிரி.
அந்தப் பகையை வைத்துத்தான் பிழைப்பு:
எரிகிற பெட்ரோலின் மேல்
மயிரிழை கனம்கூட இல்லாத நீர்ப்படலம்
தானே ஓடிப் படர்ந்து
நெருப்பின் மூச்சை அடைக்கும்.

பொய் சொல்லக் கூடாது.
பதின்மூன்றாம் வருடம் நாஃப்தா தொட்டி பற்றிய இரவில்
இருதயராஜின் முகக்கவசம் உருகி
மார்பில் ஒழுகியது.
அவனுக்கும் தீக்கும் நடுவில்
இந்த வெள்ளைதான் போய் நின்றது.

அதே வருடம்தான்,
பயிற்சித் திடலில் ஒரு வெள்ளிக்கிழமை,
மிஞ்சிய நுரையை ஒருவர்மேல் ஒருவர் பீய்ச்சினோம்.
இடுப்பளவு வெள்ளை.
ரொடெல் அதில் புரண்டு நீந்திக் காட்டினான்.
என் வாயிலும் கொஞ்சம் போனது. சோப்புக் கசப்பு.
மகளுக்குப் படம் அனுப்பினேன்:
“சவூதியில் பனி பெய்யுது.”
இரண்டாம் வகுப்பு. எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள்.

முதல் கழுவல் நுரைத்தது.
இரண்டாம் கழுவல் நுரைக்கவில்லை;
ஆய்வகத்திலிருந்து வந்த எண்ணுக்கு
ஆறு இலக்கம்.
மூன்றாம் கழுவல்,
பார்த்தால் அள்ளிக் குடிக்கலாம்.
எண் இறங்கியிருந்தது.
பூஜ்யத்துக்கு இறங்கவில்லை.
கழுவிய தண்ணீரும் இனிமேல் கழிவு.
அதற்கும் பீப்பாய், அதற்கும் சிவப்பு ஒட்டுத்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு பீப்பாய்கள் வேலியோரம்.
ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேலே போகும் உலை வேண்டுமாம்.
நெருப்பை அணைக்கப் பிறந்தது
நெருப்பில்தான் சாகும்.
உலைக்கு அனுமதி இன்னும் வரவில்லை.

புது நுரை வந்திருக்கிறது, ஃப்ளூரின் இல்லாமல்.
சோதனைத் தட்டில் பழையதைவிட
நாற்பது நொடி கூடுதல்.
இருதயராஜ் கைக்கடிகாரத்தையே பார்த்தபடி நின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பது நொடி என்றால் என்னவென்று
அவனுக்குத் தெரியும்.

நவம்பரில் என் இக்காமா முடிகிறது.
அதற்குமேல் ஒரு நாள் தங்கினாலும் அபராதம்.
திடலின் மணலுக்கடியில் இருப்பதற்குக்
கஃபீல் இல்லை, கைரேகை இல்லை,
கிளம்பும் தேதியும் இல்லை.
ரத்தத்தில் பாதியாய்க் குறைய
ஐந்து வருடம்வரை ஆகுமாம்.
மிச்சத்தில் பாதிக்கு இன்னொரு ஐந்து.
ஊருக்குப் போகும்போது
பெட்டியை எடை போடுவார்கள்.
இதை யார் போடுவது?

நேற்று மகளிடம் சொன்னேன், அந்தப் படம் பனியில்லை என்று.
“எட்டாம் வகுப்புலயே தெரியும்ப்பா” என்றாள்.
எனக்குத் தெரிந்ததோ
போன மாதம்தான்.

டீ வந்துவிட்டது.
குல் நவாஸ் ஹோஸைத் திருகிக் கை கழுவுகிறான்.
உதறிவிட்டுக் கோப்பையை எடுக்கப் போனவன்
என் முகத்தைப் பார்த்தான்.
திரும்பிப் போய்
இன்னொரு முறை கழுவுகிறான்.